சளியில் டிபி பாசிட்டிவ்: முதல் இரண்டு வாரம் வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

மாடிப்படி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு நுரையீரல் டிபி உறுதியாகிவிட்டது. சளி மைக்ராஸ்கோப்பில் 2+ (கிருமி கணிசம்), சிபிநாட்டில் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்கு எதிர்ப்பு இல்லை. நாளைக் காலை மாத்திரை தொடக்கம். வயது 34, எடை 47 கிலோ, உயரம் 168 செ.மீ. அவனுக்குச் சர்க்கரை, எச்ஐவி இரண்டும் இல்லை.

வீடு வியாசர்பாடியில் முதல் மாடி. ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. பெட்ரூமில் ஸ்ப்ளிட் ஏசி, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். மொட்டை மாடிக்குப் படி உண்டு. வீட்டில் அவன் மனைவி, மூன்று வயது மகள், சர்க்கரை உள்ள எங்கள் அம்மா (61), நான்.

மனைவியையும் குழந்தையையும் இரண்டு வாரம் செங்கல்பட்டில் அவர்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? தட்டு, டம்ளர், துணி தனியாக வைக்க வேண்டுமா? மாஸ்க் யாருக்கு? ஏசி போடலாமா?

ஓய்வுபெற்ற_எஸ்டிஎஸ்

முதல் கேள்விக்கு முதலில். பரிசோதனை முடியாமல் யாரையும் எங்கேயும் அனுப்பாதீர்கள். தம்பி எத்தனை வாரமாக இருமிக்கொண்டிருந்தாரோ அத்தனை வாரமும் குழந்தை அதே அறையில்தான் தூங்கியிருக்கும். தொற்ற வேண்டியது பெரும்பாலும் அப்போதே தொற்றியிருக்கும். இப்போது அனுப்பினால் செங்கல்பட்டில் இன்னொரு வீடு பரிசோதிக்க வேண்டிய பட்டியலில் சேரும், குழந்தையின் பரிசோதனை இரண்டு வாரம் தள்ளிப்போகும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் வந்தால் வேகமாக வரும், மூளைக்காய்ச்சலாகவும் வரும். அந்தத் தாமதம் ஆபத்து.

நாளை மாத்திரை வாங்கப் போகும்போதே நால்வரும் யுபிஹெச்சி-க்கு (நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்) போங்கள். அறிகுறி இல்லை என்றாலும் பெரியவர்கள் மூவருக்கும் மார்பு எக்ஸ்ரே கேளுங்கள். 2019–21 தேசிய காசநோய் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42.6% நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, அவரை விடவே கூடாது. நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு: ஐசோனியாசிட் தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை. 2021-க்குப் பிறகு எல்லா வயது வீட்டுத் தொடர்புகளுக்கும் இது பொருந்தும். குழந்தைக்கு எது என்று வயதும் எடையும் பார்த்து அவர்களே முடிவு செய்வார்கள்.

தட்டு, டம்ளர், துணி, பாத்ரூம் எதையும் பிரிக்க வேண்டாம். இது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் ஒட்டி வராது. வழக்கம்போலத் துலக்கித் துவைத்தால் போதும். தட்டைப் பிரித்த வீட்டில் அந்தத் தட்டு ஆறு மாதம் கழித்தும் தனியாகவே இருக்கும்; நோயாளி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

காற்றுவழி

கட்டடக் காற்றோட்டம் என் வேலை. அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏசி வேண்டாம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. அதில் இருக்கும் வலை தூசியைப் பிடிக்கும், கிருமித் துகளைப் பிடிக்காது. ஜன்னலையும் சாத்திவிடுவோம் என்பதால் இருமலில் வந்த துகள் மணிக்கணக்காக மிதக்கும். அறைக் காற்று மணிக்கு 2 முறை மாறினால் மிதக்கும் துகளில் 99% வெளியேற 138 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம், 12 முறை என்றால் 23 நிமிடம். ஜன்னலும் கதவும் எதிரெதிரே திறந்திருக்கும் அறை காசு செலவில்லாமல் மணிக்கு 12 முறை என்பதையே தாண்டலாம்.

உங்கள் பெட்ரூமில் ஒரே ஜன்னல் என்பதால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள். தம்பி மாடியில் இருக்கும் நேரத்தில் ஃபேனை நிறுத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி பெட்ரூம் வாசற்படியில் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். புகை ஜன்னல் பக்கம் சாய்ந்தால் நல்லது. ஹால் பக்கம் சாய்ந்தால் இருமல் காற்று அம்மா படுக்கும் இடத்துக்கு வருகிறது. நேராக மேலே ஏறி அப்படியே நின்றால் காற்றே நகரவில்லை. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். சென்னையில் மதியத்துக்குமேல் கடற்காற்று இறங்கினால் திசை புரண்டுவிடும்.

புகை ஹாலுக்கு வந்தால் மேஜை ஃபேனை ஜன்னலுக்கு ஓர் அடி முன்னால், முகம் வெளியே பார்க்க வையுங்கள். அறைக்காற்றை அது தெருவுக்குத் தள்ளும், ஹாலிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். ஃபேன் வைத்தபின் ஊதுபத்தியை மறுபடி பிடித்துச் சரிபாருங்கள். பலர் ஃபேனை வாசற்படியில் வைத்து உள்ளே ஊதவிடுகிறார்கள். ஒரே ஜன்னல் இருக்கும் அறையில் பாதிக் காற்று முட்டித் திரும்பி ஹாலுக்கே வந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே கை எட்டும் தூரத்தில் அடுத்த வீட்டு ஜன்னல் இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு வேண்டாம். உங்களுக்குத் தெருப்பக்கம் என்பதால் பிரச்சினை இல்லை. சீலிங் ஃபேன் ஓடலாம், ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கொசுவுக்கு வலை அடியுங்கள். அதில் தூசி அடைந்தால் காற்று பாதியாகும், வாரம் ஒருமுறை தட்டுங்கள்.

கட்டில் ஜன்னலோரம். பகலில் முடிந்த அளவு மொட்டை மாடியில் நிழலில் உட்காரட்டும். திறந்த வெளியில் துகள் கலைந்துவிடும், வெயில் கிருமியைக் கொல்லும். குழந்தை அப்பாவோடு பேச வேண்டும் என்று அழுதால் அதற்கும் மாடிதான் இடம்.

நெஞ்சக_மருத்துவர்

மேலே இருவரும் சொன்னது சரி. மருந்தைத் தாண்டி இந்த இரண்டு வாரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சரியான மருந்து உடம்பில் இறங்கிய சில நாளிலேயே பரப்பும் திறன் சரிந்துவிடும். இரண்டு வாரம் என்பது பாதுகாப்புக்காகச் சற்றுத் தாராளமாக வைத்த எல்லை. 2024-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து நாள் முறையான சிகிச்சையே போதும் என்கிறது. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் நான் இரண்டு வாரத்தைக் குறைக்கச் சொல்லமாட்டேன்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது ஏதோ இடமில்லாமல் செய்த சமாதானம் என்று நினைக்க வேண்டாம். அதை உலகுக்கு நிரூபித்ததே சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் என்ஐஆர்டி) நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியிலும் மறு பாதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தது. 1959-ல் வந்த முடிவில் குணமானவர் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் வரவுமில்லை. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் நன்றாக இருந்தும் இப்படி. தாம்பரம் சானடோரியம் என்ற ஸ்டேஷன் பெயரில் இன்னும் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லோரையும் வீட்டில் வைக்கக் கூடாது. 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் ஐந்தை முதல் நாளே பார்ப்பார்கள்: பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 14 அல்லது அதற்குக் கீழ், பிஎம்ஐ 14-க்கு மேல் 16 வரை இருந்து காலில் வீக்கம், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94%-க்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன். தம்பியின் பிஎம்ஐ சுமார் 16.7, எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். மூச்சை முழு ஒரு நிமிடம், அவர் கவனிக்காதபோது எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

சளியில் ரத்தக்கீற்று தொடக்கத்தில் வரலாம், டாக்டரிடம் சொல்லிவையுங்கள். வாய் நிறைய ரத்தம் வந்தால் 108. வண்டி வரும்வரை உட்காரவையுங்கள். படுக்கத்தான் முடியும் என்றால் நோய் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்து. அது எந்தப் பக்கம் என்று இன்றே எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்_மேசை

டாக்டர் மேடம் சொன்ன இரண்டு வாரத்தில் எனக்குச் சம்மதமில்லை. 2+ ஆரம்பித்தவர்களின் சளி இரண்டு வாரத்தில் நெகட்டிவ் ஆவது குறைவு. ஒரு மாதத்திலும் கிருமி தெரிகிற ஸ்லைடுகள் எங்கள் மேசைக்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியும்போது எப்படி வெளியே விடுவது?

நெஞ்சக_மருத்துவர்

ஸ்லைடில் செத்த கிருமியும் சிவப்பாகத்தான் சாயமேறும், நீங்கள் அறியாததல்ல. பரப்பும் திறன் ஸ்லைடு நெகட்டிவ் ஆவதற்கு முன்பே விழுந்துவிடும். 1950-களின் இறுதியில் பால்டிமோரில் டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப் பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சளியில் கிருமி இருந்தும் மருந்தில் இருந்தவர்கள் மிகக் குறைவாகவே பரப்பினார்கள். மருந்து தொடங்காதவர்களும், மருந்து கேட்காத கிருமி உள்ளவர்களும்தான் கூண்டுகளை நோயாக்கினார்கள்.

லேப்_மேசை

அந்தக் கடைசி வரிதான் என் கவலை. சிபிநாட் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே சொல்லும். ஐசோனியாசிட் எதிர்ப்பு அதில் தெரியாது, அதற்கு எல்பிஏ பரிசோதனை தனி. மாடிப்படி, தம்பியின் சளி எல்பிஏ-க்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அனுப்பச் சொல்லுங்கள். இருமலும் காய்ச்சலும் மூன்றாவது வாரத்திலும் அப்படியே இருந்தால் காலண்டரைப் பார்த்து விலக்கை (தம்பியைத் தனியாக வைப்பதை) முடிக்காதீர்கள்.

நெஞ்சக_மருத்துவர்

இதில் முழுச் சம்மதம். 14 நாள், ஒரு வேளையும் தவறாத மாத்திரை, குறைகிற இருமல் என மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு முடியும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருந்திருந்தால் இந்த இழையின் கணக்கே வேறு.

மருந்துக்கட்டு

மாத்திரை விஷயம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை (ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பூட்டால் 275 மி.கி.). எடைதான் எண்ணிக்கையைச் சொல்லும்: 25–34 கிலோவுக்கு 2, 35–49-க்கு 3, 50–64-க்கு 4, 65–75-க்கு 5, அதற்குமேல் 6. தம்பிக்கு 3. மூன்றையும் ஒரே நேரத்தில், காலை வெறும் வயிற்றில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரிப்பது தவறு. ரத்தத்தில் மருந்தின் உச்சம் போதாமல் போகும். குமட்டல் தாங்கவில்லை என்றால் இரண்டு இட்லியோடு போடலாம், நிறுத்துவதைவிட அது மேல். எண்ணெய்ப் பலகாரத்தோடு வேண்டாம். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் குடிப்பவர் இரண்டு மணி நேரம் இடைவெளி விடட்டும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்காமல் வழக்கமான வேளையைப் போட்டு, எஸ்டிஎஸ்-இடம் (காசநோய் சிகிச்சை மேற்பார்வையாளர்) சொல்லுங்கள்.

சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். அது ரிஃபாம்பிசின், பயமில்லை. இதனால் ஒரு சிக்கல் உண்டு: மஞ்சள் காமாலையைச் சிறுநீர் நிறத்தில் கண்டுபிடிக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. பகல் வெளிச்சத்தில் கண் வெள்ளையைப் பாருங்கள். கண் மஞ்சளானாலும், இரண்டு நாளாகச் சோறே இறங்காமல் வாந்தி எடுத்தாலும் அன்றைய மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரி.

எத்தாம்பூட்டால் கண் நரம்பைத் தொடலாம். வாரம் ஒருமுறை தினசரி காலண்டரை ஒரே தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கறுப்பு எழுத்தையும் சிவப்பு எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள். சிவப்பு மங்கினால் காத்திருக்க வேண்டாம். கை கால் மதமதப்பு ஐசோனியாசிட்டால் வரும், பைரிடாக்சின் கொடுப்பார்கள். மூட்டுவலி பைரசினமைடு வேலை.

மீன் சாப்பிடுகிற வீட்டுக்கு ஒன்று. சூரையும் கானாங்கெளுத்தியும் கொஞ்சம் பழசானால் ஹிஸ்டமின் சேரும். அதை முறிக்கும் நொதியை ஐசோனியாசிட் தடுப்பதால், சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலைவலி, படபடப்பு வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு அந்த இரண்டையும் தள்ளிவையுங்கள், மற்ற மீன் புதிதாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஓய்வுபெற்ற_எஸ்டிஎஸ்

மாஸ்க், சளி பற்றி யாரும் சொல்லவில்லை. நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க், அடுத்தவர் அறைக்குள் இருக்கும்போது மட்டும். தனியாக இருக்கும்போதும் தூங்கும்போதும் வேண்டாம். வால்வு வைத்த என்-95-ஐ நோயாளிக்குப் போடாதீர்கள். விடும் மூச்சு வடிகட்டாமல் வால்வு வழியே வெளியேறும். உள்ளே அதிக நேரம் இருந்து கவனிப்பவருக்கு வால்வு இல்லாத என்-95, மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். என்-95-ஐத் துவைக்கக் கூடாது. ஈரமோ கிழிசலோ இல்லாதவரை காகிதப் பையில் வைத்து மறுபடி போடலாம், பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்க்கும்.

சளிக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அன்றாடம் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, டப்பாவில் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் பாத்ரூமில் விட்டுக் கழுவுங்கள். லிட்டருக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர், தினமும் புதிதாகக் கரைத்தது. திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும். அதே கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய கையோடு இதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், தம்பியின் நுரையீரலுக்கு அதுவும் ஒரு அடி. கரைசலைப் படுக்கை அருகே வைக்கவும் வேண்டாம். காகிதத்தில் துப்பினால் எரித்துவிடலாம்.

உணவுக்கணக்கு

47 கிலோ என்பதைப் படித்துவிட்டு யாரும் சாப்பாட்டைப் பேசாமல் போகக் கூடாது. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு (2023) இரண்டு சொன்னது. முதல் இரண்டு மாதத்தில் 5% எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பு வெகுவாகக் குறைந்தது. தம்பிக்கு அது ஏறக்குறைய இரண்டரை கிலோ. இரண்டாவது, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை கொடுத்ததில் அவர்களிடையே புது டிபி 39% குறைந்தது. ஆக முட்டை தம்பி தட்டில் மட்டும் விழுந்தால் போதாது, அவர் மனைவி தட்டிலும் விழ வேண்டும்.

பசியில்லாதவருக்கு மூன்று வேளை பெரிய சாப்பாடு இறங்காது. ஆறு வேளையாகப் பிரியுங்கள்: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து முட்டையோடு இட்லி, பதினொரு மணிக்கு வேர்க்கடலை அல்லது சுண்டல், மதியம் பருப்பு கெட்டியாகவும் ஒரு கரண்டி எண்ணெய் கூடவும், மாலை பாலில் கரைத்த சத்துமாவு, இரவுச் சாப்பாடு, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். கஞ்சித் தண்ணீரும் ரசமும் வயிற்றை நிரப்பும், எடை ஏற்றாது. பீடி, குடி இரண்டும் கூடாது. குடி இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் ஈரலை நேராகத் தாக்கும்.

டிபி நோயாளியின் சாப்பாட்டுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்குக்கே வரும். தனியாரில் சிகிச்சை எடுத்தாலும் பெயர் நிக்ஷயில் (அரசின் டிபி பதிவேடு) பதிவாகியிருந்தால் உண்டு. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் மாதக்கணக்கில் நின்றுபோகும், பாஸ்புக் நகலையே கொடுங்கள்.

மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. ஊதுபத்தி வைத்துப் பார்த்ததில் மாலையில் புகை ஹாலுக்குத்தான் வருகிறது, ஃபேனை மாற்றிவிட்டோம். நால்வர் எக்ஸ்ரேயும் சுத்தம். அம்மாவுக்கும் தம்பி மனைவிக்கும் வாரம் ஒருமுறை மருந்து, குழந்தைக்குத் தினசரி ஐசோனியாசிட் என்கிறார்கள். சளி எல்பிஏ-க்குப் போயிருக்கிறது. உறவுக்காரர் ஒருவர் ஈரலைக் காக்க என்று ஒரு மூலிகைச் சூரணம் கொண்டுவந்திருக்கிறார், கொடுக்கலாமா?

மருந்துக்கட்டு

வேண்டாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தால் நாளை ஈரல் எண்கள் ஏறினால், எது காரணம் என்று தெரியாமல் டிபி மருந்தைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

வாரம் ஒருமுறை மருந்தில் யாரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ரிஃபாபென்டினும் ரிஃபாம்பிசின் போலவே மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடும். தம்பி மனைவி கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதை நம்ப முடியாது, மருந்து முடிந்து ஒரு மாதம் வரையிலாவது வேறு வழி வேண்டும். கர்ப்பம் என்றால் இந்த மருந்தே கொடுக்கமாட்டார்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். அம்மா கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சர்க்கரை ஏறலாம். இந்த 12 வாரமும் வாரம் ஒருமுறை சர்க்கரை பார்க்கட்டும். முடிந்தபிறகு இறங்கும், அப்போதும் பார்க்க வேண்டும்.

மாடிப்படி

கடைசியாக ஒன்று. இரண்டு மாதம் முடிந்ததும் தனியார் லேபில் இன்னொரு சிபிநாட் எடுத்து உறுதி செய்துகொள்ளலாமா?

லேப்_மேசை

காசு வீண். சிபிநாட் கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. செத்த கிருமியின் மரபணு மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். பாசிட்டிவ் என்று அச்சடித்த தாளைப் பார்த்து வீடே பயப்படும். தொடர் கண்காணிப்புக்கு மைக்ராஸ்கோப், தேவைப்பட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது). எடையையும் அன்றே பாருங்கள்: 5 கிலோ கூடி 52 ஆகியிருந்தால் மாத்திரை மூன்றிலிருந்து நான்காக வேண்டும், அதை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

சாம்பிள் காலையில், பல் துலக்குவதற்கு முன் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு எடுக்கட்டும். இரண்டு முறை ஆழ மூச்சு இழுத்து, மூன்றாவது மூச்சில் அடிநெஞ்சிலிருந்து இருமி, 2 மில்லியாவது வர வேண்டும். எச்சில் மாதிரி நுரைத்து நீர்த்திருந்தால் அதைக் கொண்டுவர வேண்டாம், நெகட்டிவ் என்றுதான் வரும். பாத்ரூமுக்குள் எடுக்காமல் மொட்டை மாடிக்குப் போய் எடுக்கட்டும், டப்பாவின் பெயர்ச்சீட்டு மூடியில் இல்லாமல் உடம்பில் ஒட்டியிருக்கட்டும்.